அங்க போனா என்ன செய்வாக, டீச்சர்?

போன வாரம் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கப் போயிருந்தேன். பல வருடமாக எனக்குத் தைத்துத் தரும் அக்கா, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நாலு மாதமாகத் தூக்கம் இல்லையாம். விடிந்தால் பயமாக இருக்கிறதாம், எதற்கென்று தெரியவில்லையாம். ஒரு ஜாக்கெட்டில் வலது கையையும் இடது கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டார். மிஷினில் உட்கார்ந்து முப்பது வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. நான் மனநல மருத்துவரிடம் போய்வருவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “அங்க போனா என்ன செய்வாக, டீச்சர்? கட்டிப் போடுவாகளா? கரண்டு வைப்பாகளா? மாத்திரையக் குடுத்து எந்நேரமும் தூங்க வச்சிருவாகளாமே?”

இந்த மூன்று கேள்விகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு நானும் 14 மாதம் அலைந்திருக்கிறேன். அன்றைக்குக் கடையில் கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எனக்கு முதலில் வந்தது கவலையோ அழுகையோ அல்ல, நெஞ்சுப் படபடப்பு. பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது, கை வேர்த்து சாக்பீஸ் நழுவியது. ஹார்ட் அட்டாக் என்றே நினைத்தேன். இசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் சரி. அடுத்து கேஸ் டிரபுள் என்றார்கள், எண்டோஸ்கோப்பி பார்த்தோம். தலைவலிக்குக் கண்ணாடியை மாற்றினோம். அம்மா ஒரு பக்கம் தாயத்துக் கட்டிவிட்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. இதற்கிடையில் ஒரு கிளினிக்கில், ராத்திரிக்கு மட்டும் போடுங்கள் என்று ஒரு குட்டி மாத்திரை கொடுத்தார்கள். அன்று ராத்திரி அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். அதன் பெயர் என்ன, எத்தனை நாள் போடலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்து மாதம் போட்டேன். நடுவில் நானாக நிறுத்தியபோது கை நடுங்கி, முன்னைவிட மோசமாகி, பயந்துபோய் மறுபடி ஆரம்பித்தேன்.

கடைசியில் இதய மருத்துவர்தான் சொன்னார்: “உங்க இதயத்துல ஒண்ணும் இல்லம்மா. ஒரு மனநல மருத்துவரைப் பாத்துருங்க.” எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் நடிக்கிறேன் என்று சொல்வதாகத்தான் அது காதில் விழுந்தது. அவர் சொன்னது அதுவல்ல என்று பின்னால்தான் புரிந்தது. பயந்தால் நெஞ்சு அடிக்கும், கை வேர்க்கும், வயிறு பிசையும். நாய் துரத்தும்போது உடம்பு செய்கிற வேலை அது. நாய் இல்லாமலே அந்த வேலை தானாக ஓட ஆரம்பித்தால் அதுவும் நோய்தான். படபடப்பு நிஜம், வேர்வை நிஜம், வலியும் நிஜம். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பு வழியாகத்தான் வாசலைத் தட்டுகிறது. அதனால்தான் எல்லா டாக்டரையும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக இவரிடம் வந்து சேர்கிறோம்.

என்னைக் கூட்டிப் போனது என் மதினி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறார். யாரிடம் போக வேண்டும் என்பதிலேயே எனக்குக் குழப்பம் இருந்தது. மதினி சொன்னதை அப்படியே சொல்கிறேன். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அதற்கு மேல் மனநலத்துக்கென்று தனியாகப் படித்தவர். நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. உளவியல் நிபுணர், அதாவது சைக்காலஜிஸ்ட், பேச்சு வழியாக சிகிச்சை தருபவர், சில சோதனைகளும் செய்வார், மருந்து எழுத மாட்டார். வலிப்பு, பக்கவாதம் பார்க்கிற நரம்பியல் மருத்துவர் வேறு. ஆனால் நம் பக்கத்தில் மனநல மருத்துவர்கள் பலர் போர்டில் ‘நரம்பு மற்றும் மனநலம்’ என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஜனங்களும் ‘நரம்பு டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாவது வரட்டும் என்று விட்டிருக்கிறார்கள் போல. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நானும் வீட்டில் மாமியாரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

பாளையங்கோட்டையில் அந்த கிளினிக்குக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே நின்று அரை மணி நேரம் உள்ளே போகாமல் இருந்தேன். பழைய மாணவர்கள் யாராவது பார்த்துவிட்டால்? மதினி ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது டீ வாங்கிக் கொடுத்தார். அவர் அவசரப்படுத்தியிருந்தால் திரும்பியிருப்பேன்.

உள்ளே இருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம்தான். பேங்க் பையோடு ஒருவர். கல்யாண வயதில் ஒரு பெண், அப்பாவோடு. மடியில் டிபன் பாக்ஸ் வைத்துக்கொண்டு ஒரு தாத்தா. ஒரு பையன் பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தான், பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. யாரும் கத்தவில்லை, யாரையும் கட்டியிருக்கவில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் இருக்கும் கூட்டத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. 2015–16-இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு இருந்தவர்கள் வயது வந்தோரில் 10.6 சதவீதம் என்று வந்தது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் 22 பேர் இருக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயர், வயது எழுதி, எடை, பிரஷர் பார்த்த பிறகு, முதலில் ஒரு இளம் மருத்துவர் உட்கார்ந்து விவரம் கேட்டார். அப்புறம் பெரிய டாக்டர். இரண்டும் சேர்த்து 40 நிமிடம் ஆகியிருக்கும். எல்லா இடத்திலும் இவ்வளவு நேரம் கிடைக்காது. கூட்டம் அதிகமுள்ள இடத்தில் கால் மணி நேரத்தில்கூட முடியலாம். ஆனால் கேட்பது ஏறக்குறைய இவற்றைத்தான்.

படுத்தால் எத்தனை மணிக்குத் தூக்கம் வருகிறது, நடுவில் விழிப்பு வருகிறதா, எத்தனை மணிக்கு? (எனக்குத் தினமும் மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமே கிடையாது. சரியான நேரத்தைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.) பசி எப்படி, எடை குறைந்திருக்கிறதா? முன்பு பிடித்துச் செய்த எதையாவது இப்போது செய்யத் தோன்றாமல் இருக்கிறதா? காலையில் மோசமா, மாலையிலா? எப்போது ஆரம்பித்தது, அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா? சர்க்கரை, தைராய்டு, வலிப்பு உண்டா? என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், நாட்டு மருந்து, லேகியம் உட்பட? குடி, புகையிலை? இதைப் பெண்களிடமும் கேட்பார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். யாருக்கும் கேட்காத குரல் உங்களுக்கு மட்டும் கேட்கிறதா, யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறதா? இப்படிக் கேட்பதால் உங்களைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். எல்லாரிடமும் கேட்கிற கேள்வி அது.

பிறகு ஒரு தாளில் படம் வரைய ஆரம்பித்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். தாத்தா பாட்டி மேலே, அப்பா அம்மா நடுவில், நாங்கள் கீழே, கோடு போட்டு இணைத்தபடியே போனார். “குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?” இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் பெரிய அத்தை நினைவுக்கு வந்தார். அப்பாவின் அக்கா. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு குளிக்காமல், தலை வாராமல், கிணற்றடியிலேயே உட்கார்ந்திருப்பாராம். செய்வினை என்றார்கள். கோயில் கோயிலாகக் கூட்டிப் போனார்கள். நான் பார்த்தபோதெல்லாம் அவர் பேசாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். டாக்டர் அந்த வட்டத்தைப் பேனாவால் நிரப்பினார். முழுக்கக் கருப்பாக்கினார். எங்கள் குடும்பத்தில் யாருமே அத்தைக்கு வந்தது ஒரு நோய் என்று சொன்னதில்லை. ஒரு வட்டத்தை நிரப்பி முதல் முறையாக அப்படிச் சொன்னது, அத்தையை ஒரு தரமும் பார்த்திராத ஒருவர். அந்தத் தாளை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது கவனத்தைச் சோதிப்பது. இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, ஒரு பழமொழிக்கு என்ன அர்த்தம் என்று போகும். “டீச்சர், நூறுலருந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வாங்க.” நூறு, தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு. அதற்கு மேல் வரவில்லை. எண்பத்தாறில் ஏழு போனால் எவ்வளவு என்பது தெரியவில்லை. பதினாறு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு வரவில்லை. மேஜை விளிம்பில் விரல் விட்டு எண்ணப் பார்த்தேன், அந்த எண்ணிக்கையும் நழுவியது. அதுவரை அழாத நான் அங்கேதான் அழுதேன். அவர் டிஷ்யூ பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு, “கணக்கு எங்கயும் போகல. கவனம்தான் களைச்சுப்போயிருக்கு. இந்த நோய் செய்யற வேலைல இதுவும் ஒண்ணு, திரும்பி வரும்” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கூட வந்திருந்த என் கணவரைச் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னார். முதல் தடவை போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூட வருபவரிடமும் பேசுவார்கள், உங்களிடம் தனியாகவும் பேசுவார்கள். தனியாகப் பேச வேண்டும் என்று நீங்களாகவும் கேட்கலாம். கதவு சாத்திய பிறகு கேட்டார்: “வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணியிருக்கா?” தோன்றியிருக்கிறது. “உயிரை விட்டுரலாம்னு நினைப்பு வந்திருக்கா?” காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்ட அதே குரல்தான். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?” அதையும் சொன்னேன். அவர் பதறவில்லை, உபதேசம் செய்யவில்லை, பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். அந்த நினைப்பும் நோயின் ஒரு பகுதிதான் என்றார். இதை மட்டும் உங்கள் கணவருக்குத் தெரியப்படுத்தலாமா என்று என்னிடமே அனுமதி கேட்டார். மாத்திரை அட்டைகள் அவர் கையில் இருக்கட்டும், அந்த நினைப்பு கூடினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள் என்றார்.

அக்காவுக்கு நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். அந்தக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள். ஆமாம் என்றால் உடனே அட்மிட் செய்துவிடுவார்களோ என்று பயந்துதான் பலர் மறைக்கிறார்கள். உயிருக்கு நிஜமாகவே ஆபத்து இருந்தால் சேர்க்கச் சொல்வார்கள், அது உயிரைக் காப்பாற்றத்தான். நினைப்பு வந்து போகிறது என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போகிறார்கள்.

சொன்னதெல்லாம் வெளியே போய்விடுமோ என்ற பயமும் உண்டு. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், நோயாளியைப் பற்றிய விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது அவருடைய உரிமை என்றே எழுதியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு போன்ற சில விலக்குகள் உண்டு. டாக்டர் உங்கள் ஹெட்மாஸ்டருக்கோ பெண் பார்க்க வருபவர்களுக்கோ போன் செய்து சொல்ல மாட்டார்.

கட்டிப் போடுவார்களா, கரண்டு வைப்பார்களா என்ற அக்காவின் இரண்டு கேள்விகளுக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் மின்சிகிச்சை தரக் கூடாது. மின்சிகிச்சை என்று ஒன்று உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. கடுமையான நோய்க்கு, மருந்து கேட்காத நேரத்தில், மயக்கத்தில் வைத்துத் தருவார்கள். சிலருடைய உயிரையே அது காப்பாற்றுகிறது. முதல் நாள் வெளிநோயாளியாகப் போகிறவரைப் பிடித்து உட்கார வைத்து யாரும் கரண்டு வைப்பதில்லை.

ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை யோசிக்காமல், ஜனங்களுக்கு அறியாமை என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் இறந்தார்கள். எங்கள் வீட்டு டிவியில் அந்தக் கொட்டகையைக் காட்டியபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. டாக்டரிடம் போகிறேன் என்றதும் அம்மா அழுததில் அந்தக் காட்சியும் இருந்திருக்கும். அப்புறம் கீழ்ப்பாக்கம். என் வகுப்பிலேயே பையன்கள் ஒருவனை ஒருவன் திட்டிக்கொள்ளும் சொல் அது. 1794-இல் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்றும் ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கிற ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் திட்டும் சொல்லாகிவிட்டது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகு, மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984-இல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 98 வயதில், 2021-இல் காலமானார். இப்போதெல்லாம் என் வகுப்பில் அந்தச் சொல் காதில் விழுந்தால் பாடத்தை நிறுத்திவிட்டு, அவர் யார் என்று ஐந்து நிமிடம் பேசுகிறேன்.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். எனக்கு மனச்சோர்வு நோய், கூடவே பதற்றமும் இருக்கிறது என்றார். முதலில் ரத்தப் பரிசோதனை எழுதினார்: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை. தைராய்டு குறைந்தாலும் சோர்வு, மந்தம், மறதி எல்லாம் அப்படியே மனச்சோர்வு மாதிரியே வரும், அதைப் பார்க்காமல் விடக் கூடாது என்றார். எனக்கு தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம்தான் குறைவு. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை.

மருந்து இரண்டு. மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம், முதல் வாரம் 5 மில்லிகிராம், பிறகு 10. நான் ஐந்து மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த குட்டி மாத்திரையின் அட்டையைக் காட்டினேன். அல்பிராசோலம். பழகிப்போகிற மருந்து அதுதான், ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது என்று சொல்லி, அதே வகையில் கொஞ்சம் நீண்ட நேரம் வேலை செய்யும் குளோனாசெபாமுக்கு மாற்றி, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தூக்க மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயத்தில் மனநல மருத்துவரிடம் போகாமல் இருந்தேன். போகாமல் இருந்த அந்த ஐந்து மாதத்தில்தான், யார் மேற்பார்வையும் இல்லாமல், அப்படி ஒன்றுக்குப் பழகியிருந்தேன்.

இப்போது சொல்லப்போவதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் கேட்காது. பலன் தெரிய இரண்டு வாரம், நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். ஆனால் தொந்தரவு முதல் நாளிலிருந்தே வரலாம். எனக்கு முதல் பத்து நாள் குமட்டல், வாய் வறட்சி, உள்ளுக்குள் ஒரு இருப்புக் கொள்ளாமை. நன்மை ஒன்றும் இல்லை, கெடுதல் மட்டும் தெரிகிறது. பலர் இங்கேதான் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த டாக்டர் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். எட்டாம் நாள் நானும் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கணவர் கிளினிக்குக்குப் போன் செய்தார். சாப்பிட்ட பிறகு போடச் சொன்னார்கள், 10-க்கு ஏற்றாமல் இன்னும் ஒரு வாரம் 5-லேயே இருக்கச் சொன்னார்கள். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. நாமாக நிறுத்தாமல் ஒரு போன் செய்தால் போதும். இளவயதுக்காரர்கள் என்றால் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஆரம்ப வாரங்களில் தவிப்பு கூடினாலோ சாகும் நினைப்பு அதிகமானாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாம்பத்தியத்திலும் இந்த மருந்தால் சிலருக்கு மாற்றம் வரும். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு முடியாமல் போனதிலிருந்து கணவர்தான் சமைத்துக்கொண்டிருந்தார். தட்டில் என்ன வைத்தாலும் விழுங்கிவிட்டு எழுந்து போவேன். அன்று புளிக்குழம்பில் பிசைந்த சோற்றை வாயில் வைத்துவிட்டு, “உப்பு கூடிப்போச்சு” என்றேன். அவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். “நேத்தும் கூடத்தான் இருந்துச்சு. ஒரு மாசமாவே கூடத்தான் இருக்கு” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ருசி தெரிந்திருக்கிறது.

இரண்டாவது தடவை போனது மறக்க முடியாதது. முதல் தடவை என்பது உண்மையில் இரண்டு தடவை என்று நினைக்கிறேன். முதல் நாள் அவர்கள் நம்மைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள், மருந்து ஒத்துப்போகிறதா என்று அன்றைக்குத் தெரியாது. இரண்டாம் முறைதான் அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா, பேச்சு சிகிச்சை சேர்ப்பதா என்று முடிவாகும். எனக்கு அங்கேயே ஒரு உளவியல் நிபுணரிடம் ஆறு அமர்வு ஏற்பாடானது. அன்று நான் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுபோனேன். தினமும் மூன்றே வரி: எத்தனை மணிக்குத் தூங்கினேன், எத்தனை மணிக்கு விழித்தேன், என்ன தொந்தரவு. டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாதிரி கொண்டுவந்தால் என் வேலை பாதி குறைந்தது என்றார். முதல் தடவைக்கே அதைக் கொண்டுபோயிருக்கலாம். எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.

எவ்வளவு செலவாகும் என்று அக்கா கேட்கவில்லை, ஆனால் மனதில் அதுவும் இருந்திருக்கும். தனியாரில் டாக்டர் பீஸ், பரிசோதனை, மருந்து என்று முதல் மாதம் எனக்கு 3,000 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. அதற்கு முந்தைய அலைச்சலில் போனது அதைப் போலப் பத்து மடங்கு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்களுக்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. ஓபி சீட்டு, டாக்டர், மாத்திரை எல்லாம் இலவசம். நேரம்தான் ஆகும், காலையிலேயே போய்விட வேண்டும். மேல்படிப்பு படிக்கும் டாக்டர்கள் பொறுமையாக உட்கார்ந்து விவரம் கேட்பார்கள் என்பது அங்கே ஒரு நன்மை. மாவட்ட மனநலத் திட்டத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் பார்க்கிறார்கள். இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால் 14416 என்ற எண், ‘டெலி மானஸ்’. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச சேவை, தமிழில் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

முதல் டாக்டரே உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்றும் இல்லை. முகத்தைப் பார்க்காமல் சீட்டு எழுதுபவர், நோயின் பெயரைக் கேட்டால் எரிந்துவிழுபவர் என்றால் வேறு ஒருவரிடம் போகலாம். எல்லாத் துறையிலும் அப்படி இருக்கிறார்கள். ஒருவர் சரியில்லை என்பதற்காக வைத்தியமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

நான் சிகிச்சை தொடங்கி இப்போது ஒன்பது மாதம். குளோனாசெபாம் சொன்னபடி ஆறு வாரத்தில் நின்றது. எஸ்சிடாலோபிராம் இன்னும் 10 தான். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் போட்டுவிட்டு, பிறகு மெதுவாகக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். நன்றாக இருக்கிறதே, எதற்கு மாத்திரை என்று மாமியார் கேட்கிறார். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறேன் அத்தை என்று சொல்கிறேன், ஒவ்வொரு வாரமும்.

அக்காவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவர் போடுகிற பிரஷர் மாத்திரையின் அட்டையை அதற்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று வரைக்கும் ஐந்து நாள் எழுதியிருக்கிறார், தூக்கம் எல்லா நாளும் மூன்று மணி நேரத்துக்குக் கீழே. வியாழக்கிழமை எனக்குக் கடைசி இரண்டு பீரியடும் இல்லை, மீதிக்கு பெர்மிஷன் சொல்லிவிட்டேன். ஹைகிரவுண்டில் காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றுவிட வேண்டும் என்று மதினி சொல்லியிருக்கிறார், அதனால் ஆறு மணி பஸ்.